கயிற்றில் கை வைத்தவன்

மனைவியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் நான் விமானம் ஏறினேன். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் "சும்மா ஒருக்கா பாத்திட்டு வாறன்" என்று சொல்லி வைத்திருந்தேன். அறுபத்திரண்டு வயதில் ஒருவன் சும்மா பார்ப்பதற்காக மத்தியதரைக் கடல்வரை போகமாட்டான் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் "நல்லது, போயிட்டு வாங்க" என்றார்கள். எங்கள் அமிர்தகழி ஆட்கள் இந்த விஷயத்தில் நாகரிகமானவர்கள். முகத்துக்கு முன்னால் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அவள் மோல்டாத் தீவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. மட்டக்களப்பில் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வீடு கட்டும் கடமையும் கூடவே பிறந்துவிடும். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவள் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் பின்பக்கத்து அறையொன்றுக்கு ஒதுங்குவார்கள். நானும் அப்படி என் மனைவியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவன்தான். உப்பு வாவியான களப்பின் ஓரத்தில் இருந்த அந்த வீடு சுனாமியில் கடல் வந்தபோது போய்விட்டது. தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவனின் சம்பளத்தில் இன்னொரு வீடு எழும்பாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் என் மனைவி புறப்பட்டாள்.

வீடு எழும்பியது. மகளுக்குக் கலியாணமும் ஆனது. கலியாணத்துக்கு மூன்று கிழமை லீவில் வந்தவள், தான் கட்டிய வீட்டில் ஹோலில் பாய் போட்டுப் படுத்தாள். அறைகள் நிறைய விருந்தாளிகள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

நான் பின்பக்கத்து அறையில் இருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மருமகன் பொறுமையான மனிதர். சோறு நேரத்துக்கு வரும், பேரப்பிள்ளைகள் இரண்டும் வந்து என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஒரு நாள் முடிவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுக் களப்போரம் போய் நிற்பேன். இருட்டும் மட்டும் நிற்பேன். திரும்பி வந்து வாட்ஸ்அப்பில் அவளுக்குக் கோல் எடுப்பேன். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஓம், நீ?" என்பேன். "ஓம்" என்பாள். பிறகு இரண்டு பேரும் மற்றவர் ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் அப்படிக் காத்திருக்கும்போது, இனி இப்படி ஏலாது, போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. நேரில் சொன்னால் மறுக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் பராமரிக்கும் கிழவரின் மகள் ஒரு கடிதம் எழுதித் தந்ததில் விசா கிடைத்தது. விமான நிலையத்தில் என் மனைவி சேலையை விட்டுக் களிசானும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றாள். முதலில் நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். அவள்தான் பின்னால் வந்து என் பெட்டியைப் பிடித்தாள். "கண்ணாடி மாத்த வேணும் உங்களுக்கு" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

அந்த ஊர் ஒரு குடாவைச் சுற்றி இருக்கிறது. முழுக்க மீன்பிடிக்காரர். தேங்காய்ப்பூக் கட்டி நிறத்தில் கல்வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு கோயில், அதாவது மாதாகோயில், அதற்கு இரண்டு மணிக்கூடு. இரண்டும் இரண்டு நேரம் காட்டும். கரையில் தோணிகள். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று வரி வரியாகப் பூசி, முன்பக்கத்தில் இரண்டு கண்ணும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் பஸ் பஸ்ஸாக வந்திறங்கி அந்தக் கண்களோடு நின்று படம் எடுக்கிறார்கள். நான் தோணிக்குள் எட்டிப் பார்த்தேன். வலை காய்ந்துபோய்க் கிடந்தது. கண்ணை எழுதி என்ன, மீன் அல்லவா படவேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"வந்து அரை மணித்தியாலம் ஆகல்ல, குறை பிடிக்கத் தொடங்கியாச்சா?" என்றாள்.

குறை பிடிப்பது என் சுபாவம். அதுவும் மீன் விஷயத்தில் எனக்கு வாய் நிற்காது. எங்கள் அப்பா களப்பில் தோணி விட்டவர். ஓர் ஊருக்குப் போனால் முதலில் சந்தைக்குப் போய் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், பிறகுதான் அந்த ஊர் ஆட்களைப் பற்றி முடிவுக்கு வருவேன். அங்கே செவுளைத் தூக்கினேன். மீன்காரி என் கையில் தட்டினாள்.

அந்தக் கடலில் மணமே இல்லை. தண்ணீர் கண்ணாடிபோல. அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். சேறில்லை, கண்டல் மரம் இல்லை, தண்ணீர் வற்றுவதும் பெருகுவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. களப்போரத்தில் பிறந்தவனுக்கு இது என்ன கடல் என்றுதான் தோன்றும். வேலியோரம் நாகதாளிக் கள்ளி மட்டும் நம் ஊரைப்போல வளர்ந்து நின்றது. அதன் பழத்தை அவர்கள் விலைக்கு விற்கிறார்கள்.

கிழவரின் வீடு குடாவைப் பார்த்தபடி மூன்று தட்டாக ஒடுங்கி உயர்ந்திருந்தது. எனக்கு மேல்தட்டில் ஓர் அறை தந்தார்கள். என் மனைவி கீழே கிழவரின் அறையில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டிலில் படுப்பவள். வருடக்கணக்காக அப்படித்தான். இரவில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எனக்கு அது தெரிந்த விஷயம்தான், ஃபோனில் சொல்லியிருக்கிறாள். ஆனால் மேலே தனியாகப் படுத்துக்கொண்டு, கீழே அவள் அந்த மனிதரோடு அவருடைய மொழியில் மெதுவாகக் கதைப்பதைக் கேட்பது வேறு. இத்தனை தூரம் வந்தும் நடுவில் ஒரு மாடிப்படி மிச்சம் இருந்தது. ஊரில் இருந்ததைவிட அந்த அறையில்தான் எனக்குத் தனிமை அதிகமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கிழவரும் மீன்பிடித்தவர்தான். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்து, இடது கை மட்டும் வேலை செய்யும். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, தலை வாரி, யன்னலோரம் கதிரையில் இருத்தி, சரிந்து விழாமல் இடுப்பில் ஒரு பட்டியும் போட்டுவிடுவாள். அவர் குடாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் வேறு வேலை இல்லாததால் எதிர்க் கதிரையில் நானும் இருந்து குடாவைப் பார்ப்பேன். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அவள் இரண்டு கிழவர்களைப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியிருக்கும்.

ஒரு நாள் ஒரு தோணி குடாவுக்குள் திரும்பியது. பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. மீன் பட்டிருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன். அதே நேரம் கிழவர் இடது கையால் கதிரைக் கையைத் தட்டினார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மனிதரில் கோபப்படுவதற்கு இருந்த வசதி அன்றோடு போய்விட்டது.

என் மனைவியை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பாண் வாங்கப் போனால் நான்கு பேர் நிறுத்திக் கதைப்பார்கள். அவளும் அவர்கள் மொழியில் வெளுத்து வாங்குவாள். அதில் எங்கள் காத்தான்குடி முஸ்லிம் ஆட்களிடம் கேட்கும் அரபுச் சொற்கள் ஒன்றிரண்டு காதில் விழும், மற்றதெல்லாம் எனக்கு இரைச்சல். கிழிந்த வலை பொத்துகிற ஒரு மனிதர் ஏதோ பகிடி சொன்னார். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். முப்பத்திமூன்று வருடக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. "என்ன சொன்னவன்?" என்று கேட்டேன். "அத தமிழ்ல சொன்னாச் சிரிப்பு வராது" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை அன்று. சோறும் தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலில் வைத்த மீன்கறியும்தான். அதற்கும் ஒரு குறை சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் கேட்டுவிட வேண்டும் என்று எழும்புவேன். அவளுக்கு நேரம் கிடைக்காது. நேரம் கிடைத்தால் எனக்குத் தைரியம் வராது. இரண்டாவது கிழமையும் பாதி போய்விட்டது.

அந்த வியாழக்கிழமை காலை அவள் கிழவருக்குக் கரண்டியால் சூப் தீத்திக்கொண்டிருந்தாள். நான் சந்தைப் பையொன்றை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். தோணியொன்றை மேலே சரிவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இயந்திரம் இழுக்கும். அன்று அது வேலை செய்யவில்லைபோல. ஏழெட்டுப் பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். தோணிக்குள் பெட்டி பெட்டியாக மீன்.

இதை எங்கள் கரைக்காரருக்குச் சொன்னால் உடனே விளங்கும். எங்களிடம் கரைவலை இழுக்கும்போது கயிற்றில் யாரும் கை வைக்கலாம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூப்பிடவேண்டியதும் இல்லை. வழியால் போகிறவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பத்து நிமிடம் இழுத்தாலும் போதும். வலை கரைக்கு வந்ததும் அவன் கையில் கறிக்கு மீன் விழும். அவன் கேட்கமாட்டான், பேசாமல் பையை விரித்துக்கொண்டு ஓரமாய் நிற்பான். கொடுக்காமல் விடுகிற சம்மாட்டிக்கு அடுத்த முறை வலை காலியாக வரும் என்பார்கள். தபாற்கந்தோரில் கதிரையில் இருந்த காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலமீன்மடுக் கரையில் நானும் பையோடு நின்றிருக்கிறேன். மீனை வாங்க வசதியில்லாமல் இல்லை. இழுத்து எடுத்த மீன் கறியில் வேறு ருசி.

ஆகவே நான் யோசிக்கவில்லை. பையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றில் கை வைத்தேன். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்கு இடம் விட்டார்கள். இழுத்தோம். கயிற்றின் உப்பு உள்ளங்கையில் ஏறியது. அந்தக் கால் மணித்தியாலம்தான் அந்த ஊரில் நான் சந்தோஷமாக இருந்த நேரம். வந்த நாள் முதல் யாருக்கும் எதற்கும் பயன்படாமல் இருந்தவன், எட்டுப் பேரோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.

தோணி ஏறியது. என் தோளில் தட்டினார்கள். மீன் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். நான் பையை விரித்துக்கொண்டு ஓரமாய் நின்றேன்.

யாரும் கவனிக்கவில்லை. நான் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன். ஒருவன் பையைப் பார்த்து, வாங்க வந்தவன் என்று நினைத்து, எதிரே இருந்த கடையைக் காட்டினான். நான் தலையாட்டி மறுத்து மீனைக் காட்டினேன். அவன் முகம் மாறியது. இன்னொருவன் காற்சட்டைப் பைக்குள் கை விட்டுச் சில்லறையை எடுத்து நீட்டினான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிச்சைக்காரனா நான்? அவன் கையைத் தள்ளினேன். சில்லறை கீழே விழுந்து உருண்டது. அதை அவன் எப்படி எடுத்தானோ, குரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன், தமிழில்தான். "கறிக்கு! கறிக்கு! இழுத்தவனுக்குக் குடுக்கிறதில்லையா உங்கட ஊரில?" என்று கத்தினேன். படம் எடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் தோணிக் கண்களை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார்கள்.

வலை பொத்துகிற மனிதர் தூரத்தில் இருந்து என்னை அடையாளம் கண்டு என் மனைவிக்கு ஃபோன் போட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் அவள் ஓடி வந்தாள். இடுப்பில் துணி, கையில் சூப் கரண்டி. என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், விளங்கிவிட்டது. அவளும் அதே கரைக்காரிதானே. அவர்களுக்கு விளக்கிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த ஆட்களின் முகம் இளகியது. சில்லறை நீட்டியவன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு, பெட்டியில் இருந்து பெரிய மீனாக இரண்டைத் தூக்கி என் பைக்குள் வைத்தான். என்னைக் கட்டிப் பிடித்தான். மீன் இரத்தம் என் சேட்டில் ஒட்டியது.

வீட்டுக்கு வந்தால் கிழவர் கீழே கிடந்தார். அவசரத்தில் அவள் பட்டியைப் போட மறந்திருக்கிறாள். அவள் வெளியே ஓடியதை யன்னலால் பார்த்து, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முயன்றிருப்பார்போல. நெற்றி வெடித்து இரத்தம் கதிரைக் காலடியில் தேங்கி நின்றது. அவள் தரையில் இருந்துகொண்டு அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இடுப்புத் துணியால் அழுத்திப் பிடித்தாள்.

அந்த நேரம் எனக்குள் வந்ததை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது. இனி இவளை இங்கே வைத்திருக்கமாட்டார்கள், வேலை போய்விட்டது, என்னோடு வந்துதான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். ஒரு மனிதர் இரத்தம் ஒழுகக் கிடக்கிறார், நான் மீன் பையோடு வாசலில் நின்று சந்தோஷப்பட்டேன். நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

வைத்தியர் வந்து நான்கு தையல் போட்டார். கிழவரின் மகள் வேலைத் தலத்திலிருந்து ஓடி வந்தாள். என் மனைவி எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். என்னைக் காட்டவில்லை, என்னைச் சாட்டவில்லை. தான் பட்டி போட மறந்ததை மட்டும் சொன்னாள் என்பது அவள் கைச்சாடையில் தெரிந்தது. நான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது கத்துவாள் என்று. அவள் கத்தவில்லை. என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இரண்டு பேருமாகத் தரையைத் துடைத்தார்கள்.

மீனை அன்று மாலையே அவள் சமைத்தாள். "பழுதாப் போகும்" என்றாள். நான் எந்தக் குறையும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கிழவரின் மகள் வந்து தகப்பனோடு இருப்பாள். என் மனைவிக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு. நாங்கள் குடாவோரக் கற்கட்டில் போய் இருந்தோம். நான் திரும்புவதற்கு நான்கு நாள்தான் மிச்சம். வெயில் நன்றாக இருந்தது, சனம் குறைவு. இனியும் சுணங்கினால் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது.

"இஞ்ச பார் புள்ள, நான் உன்னக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தன்" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமெண்டா? எப்ப தெரியும்?"

"வந்திறங்கின அண்டே தெரியும். ரெண்டு பெட்டி கொண்டுவந்தீங்க. ஒண்டு வெறும் பெட்டி. தூக்கக்க பாரமில்ல."

அவளுடைய சாமான்களைப் போடுவதற்கென்றுதான் அதை ஊரில் இருந்து வெறுமையாகக் கொண்டு வந்திருந்தேன். "அப்ப வாறியா?" என்றேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பாதம் வெடித்துப்போயிருந்தது.

"நான் ஒருக்கா கேட்டனான். உங்களுக்கு ஞாபகமில்ல."

"என்ன கேட்டநீ?"

"மகளுக்குத் தலைப்பிள்ள பிறந்து மூணாம் நாள். ஃபோன் எடுத்து, 'நான் முழுசா வந்திடட்டா, இனிக் காணும்' எண்டு கேட்டன். நீங்க சொன்னீங்க, 'மதில் அரைவாசியில நிக்கிது, இப்ப வந்து என்ன செய்யப்போறாய்? சம்பந்தியாக்கள் பாத்தா என்ன சொல்லுவாங்க?' எண்டு."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். மதில் ஞாபகம் வந்தது. எத்தனை வரி கல் வைத்தோம் என்பது ஞாபகம் வந்தது. இரண்டு மேசன்மார், அவர்களில் ஒருவர் வவுணதீவிலிருந்து சைக்கிளில் வருவார், வயல்வேலை தொடங்கினால் வரமாட்டார். கேற்றுக்கு முதலில் பச்சை பூசி, பிடிக்காமல் கறுப்புப் பூசியது ஞாபகம் வந்தது. அவள் கேட்டது ஞாபகம் வரவில்லை. நான் சொன்னதும் வரவில்லை. எத்தனையோ நாள் எடுத்த எத்தனையோ ஃபோன்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கிறது எனக்கு.

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"சொன்னீங்க. கோவத்தில சொல்லல்ல. அமத்தலாத்தான் சொன்னீங்க, தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு."

தோணியொன்று வெளியே போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்டைக்கு இவருக்குச் சூப் தீத்திக்கொண்டு அழுதன். எனக்குத் தெரியாமலே கண்ணால வந்திற்று. இவருக்கு அந்த ஒரு கைதானே வேல செய்யும். அந்தக் கைய நீட்டி என்ர கண்ணத் துடைச்சார். அதுக்குப் பிறகு நான் ஒருத்தரிட்டயும் வரட்டா எண்டு கேக்கல்ல."

"இப்ப நான் கூப்பிடுறன்தானே?"

"ஓம். கூப்பிடுறீங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபத்தோடு சண்டை பிடித்து எனக்குப் பழக்கம். "நான் உங்கள வெறுக்கல்ல. இஞ்ச வந்து இருந்தீங்களே, நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா இவர் இருக்குமட்டும் நான் இருப்பன்."

"அதுக்குப் பிறகு?"

"தெரியாது."

அழுகை வந்தது. அந்த இடத்தில் இருந்து அழுதேன், வெட்கமில்லாமல். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நாள்முழுக்க வயதானவர்களைத் தடவிப் பழகிய கை என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. நான் அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். மாதாகோயில் மணி அடித்தது. அவள் சப்பாத்தைப் போட்டாள்.

புறப்படுகிற காலையில் வெறும் பெட்டியை அவளே நிரப்பினாள். பேரப்பிள்ளைகளுக்கு உடுப்பு, மகளுக்கு இரண்டு போர்வை, மருமகனுக்கு சப்பாத்து. எனக்குப் புதுக் கண்ணாடி, என் பழைய கண்ணாடியைக் களவாகக் கொண்டுபோய்க் கொடுத்துச் செய்திருக்கிறாள். கிழவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நெற்றியில் பிளாஸ்டர். இடது கையை நீட்டினார். நான் வலது கையை நீட்டிவிட்டுப் பிறகு மாற்றினேன். கை நல்ல பலம்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டை அடையும்போது மதியம். மகள் சோறு போட்டாள். பிள்ளைகள் பெட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். விமானத்தில் இருந்த அத்தனை மணித்தியாலமும் நான் யோசித்தது ஒன்றைத்தான். மகள் கேட்டால் என்ன சொல்வது? நல்லதாக ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"அம்மா எப்ப வாறாவாம்?" என்றாள்.

"அந்தக் கிழவன விட்டிட்டு வர ஏலாதாம். பாவம், அவரப் பாக்க ஆளில்ல. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்" என்றேன்.

மகள் கறிச்சட்டியை மூடிவைத்தாள். என்னைப் பார்க்காமல், பிள்ளைகள் எறிந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, அம்மா வரக் கேட்டவ. நீங்கதான் மதில் முடியட்டும் எண்டீங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல கிடந்திச்சு. நான் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டு அந்த அறைக்குள்ளதான் இருந்தன்."

அவள் கடைசி உடுப்பையும் மடித்துப் போர்வைகளுக்கு மேல் வைத்தாள்.

"அண்டைக்கு எனக்கு அம்மா வேணுமா எண்டு என்னட்டயும் நீங்க கேக்கல்ல" என்றாள்.